கம்பத்துக்கு ஒரு நேர்கோடு

விஜயபாண்டியை அதுவரை யாரும் பூஜ்யம் என்று சொன்னதில்லை. முரடன் என்றிருக்கிறார்கள். வாயாடி என்றிருக்கிறார்கள். வீரபாண்டித் திருவிழா நெரிசலில் யாரோ ஒருத்தர் ‘மாடு’ என்றுகூடச் சொன்னார். அதை அவன் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான். ஆனால் பூஜ்யம்? அதுவும் கட்டிய மனைவி வாயால்? அதுவும் தோசை சுட்டுக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்?

எல்லாவற்றுக்கும் காரணம் அவன் போனில் இருந்த ஒரு ஆப்.

தேனியில் அவனுக்குச் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம், அனுமந்தன்பட்டியில் தென்னந்தோப்பு என்று பள்ளத்தாக்கு பூராவும் வாடிக்கைக்காரர்கள். எல்லா இடத்துக்கும் பைக்தான். அவன் போய்ச் சேர்ந்து டீ குடித்து முடித்த பிறகுதான் வண்டிச் சத்தம் வந்து சேரும் என்பான் அவன் நண்பன் மதன்குமார். அந்த மதன்குமார்தான் போன மாதம் ஆப்பை ஏற்றிக் கொடுத்தது. எவ்வளவு தூரம் ஓட்டினான், சராசரி வேகம் எவ்வளவு என்று அது சாயங்காலமானால் காட்டும். டீக்கடையில் நின்றால் தானும் நின்றுகொள்ளும். அவ்வளவு விசுவாசமான ஆப். அன்றிலிருந்து வீட்டில் விளக்கேற்றிய கையோடு அந்தத் திரைக்கும் ஒரு தீபாராதனை நடந்துவந்தது.

அன்று சாயங்காலம் மகள் பவானியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு நேரே அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டான்.

“ஏ புள்ள, பாரு! சராசரி அம்பத்தெட்டு! தேனி ஜில்லாவுலயே எவனும் தொட்டிருக்க மாட்டான்.”

சினேகா தோசையைத் திருப்பினாள்.

“இதுக்கே இப்படின்னா இன்னொண்ணு கேளு. பைபாஸ்ல பவானிய டேங்க்மேல உக்கார வச்சுக்கிட்டே எழுவத்திரண்டு தொட்டேன். பயலுக்குப் பயமே இல்ல! கைதட்டுது!”

அவனுக்குப் பவானி பொண்ணுதான், ஆனால் சந்தோஷம் வந்தால் பயல்.

சினேகா பயந்தவள். அதை அவளே மறைத்ததில்லை. குக்கர் விசிலுக்கு இரண்டடி பின்னால் போவாள். பல்லி விழுந்தால் பலன் பார்க்க மாட்டாள், பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். ஆனால் பவானி பிறந்த பிறகு வந்த பயம் வேறு. போன் அடித்தாலே முதலில் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை, ஹெல்மெட் கிடையாது, பிடிமானம் கிடையாது, எழுபத்திரண்டு. என்ன சொல்ல நினைத்தாளோ அதைச் சொல்லப் போனால் அழுகை வந்துவிடும். அழுதால் அவன் ஜெயித்துவிடுவான். அதனால் வாயில் வந்தது பிளஸ் ஒன் பௌதிகம்.

“என்னங்க, காலையில எங்கேயிருந்து கிளம்புனீக?”

“வீட்டுல இருந்து.”

“இப்ப எங்கன நிக்கிறீக?”

“வீட்டுல. கண்ணு தெரியலயா?”

“அப்ப உங்க சராசரி வேகம் அம்பத்தெட்டு. சராசரி திசைவேகம் பூஜ்யம்.”

“என்னது?”

“பூஜ்யம். சைபர். முட்டை.”

“அம்பத்தெட்டுங்கிறேன், முட்டைங்கிறே? ஆப்புலயே போட்டிருக்குடி!”

“அது வேகங்க. எவ்வளவு தூரம் சக்கரம் உருண்டுச்சுன்னு பாக்கிறது. திசைவேகத்துக்கு அது தேவையில்ல. கிளம்புன எடத்துல இருந்து கடைசியா நிக்கிற எடத்துக்கு ஒரு நேர்கோடு போடணும். அது எவ்வளவு நீளம், எந்தத் திசைன்னு பாக்கணும். அத மொத்த நேரத்தால வகுக்கணும். நீங்க வீட்டுல கிளம்பி வீட்டுலயே வந்து நிக்கிறீக. கோடு எங்கன இருக்கு?”

“நான் நூறு கிலோமீட்டர் ஓட்டிருக்கேன்!”

“செக்குமாடும் பொழுதன்னிக்கும் நடக்குது. எந்த ஊருக்குப் போச்சு?”

விஜயபாண்டி மூச்சை இழுத்துப் பிடித்தான். “இதத்தான் கான்வென்ட்டுல சொல்லிக் குடுத்தாகளா? புருசன பூஜ்யம்னு சொல்லச் சொல்லி?”

“புத்தகத்துல புருசன்னு போடல. ‘ஒரு துகள்’னு போட்டிருந்துச்சு.”

அவன் வெளியே போய் மதன்குமாருக்குப் போன் போட்டான். மதன்குமார் ‘அப்படியெல்லாம் இருக்காதுடா மாப்ள’ என்றான். ‘இரு, தேடிப் பாக்கிறேன்’ என்றான். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. விஜயபாண்டி தோசை தின்னாமலே படுத்துவிட்டான். எப்போதும் ஏழு தின்பவன்.

இதில் சினேகாவுக்குத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் கவலை ஒன்று இருந்தது. மறுநாள் காலையில் அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா, ஜெயமங்கலத்தில் வாழை போட்டவர், ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். அது வீட்டு வாசலில் உறை மூடி நின்றது. உறைக்கு மேல் துணி காயும். சினேகா ஓட்டக் கூடாது என்று விஜயபாண்டி சொன்னதில்லை. ஓட்ட முடியாது என்றுதான் சொன்னான். பவானி காதுகுத்தில், கம்பத்தில், அவனுடைய அக்கா முத்துலட்சுமி உட்பட முப்பது நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, அவள் பிள்ளையைப் பைக்கில் ஏற்ற வேண்டாம் என்று மறுபடியும் கெஞ்சினாள். அவன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தான்: “இவ லைசென்ஸ் டெஸ்டுல பாஸாகிக் காட்டட்டும். அன்னையில இருந்து பிள்ளைய இவளே வச்சு ஓட்டட்டும். என் பைக்குல ஏத்துனா என்னன்னு கேளுங்க!” பந்தி கைதட்டியது. அவனும் தட்டினான்.

அந்த தைரியத்துக்குக் காரணம் உண்டு. அவளைப் பாஸாக விடாமல் பார்த்துக்கொள்வது அவன் கையில் இருந்தது. முதல் டெஸ்ட் தேதியன்று திடீரென்று யாரோ ஒரு மாமாவுக்குக் கிடாவெட்டு என்று காரில் ஏற்றிக்கொண்டு போனான். அங்கே போய்ப் பார்த்தால் அந்த மாமாவுக்கே தகவல் தெரியாது. இரண்டாவது தேதியன்று ஸ்கூட்டரை விடியற்காலையிலேயே சர்வீசுக்கு விட்டான். ஓடாத வண்டிக்கு சர்வீஸ். இந்தத் தேதியை அவள் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் கடை இரண்டு தெரு தள்ளித்தான். பத்து மணிக்கு டீ குடிக்க வீட்டுக்கு வந்துவிடுவான். வாசலில் ஸ்கூட்டர் இல்லையென்றால் ஊரையே கூட்டுவான்.

காலையில் அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அவன் குளித்து, சட்டை போட்டு, நெற்றியில் திருநீறோடு வாசலில் நின்றான். யுத்தத்துக்குப் போகிற தோரணை.

“கிளம்பிட்டேன்.”

“எங்க?”

“நேரா. திரும்பவே மாட்டேன். கம்பத்துக்குப் போறேன், தென்மேற்கு. இன்னைக்கு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அம்பத்தெட்டு திசைவேகத்தோட உனக்குப் போன் வரும். நான் பூஜ்யமா இல்லயான்னு அப்பப் பேசுவோம்.”

சினேகா மெஷினை நிறுத்தினாள். காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்க.

“பத்து மணிக்கு டீக்கு வரமாட்டீகளா?”

“மாட்டேன்.”

“மத்தியானச் சாப்பாட்டுக்கு?”

“மாட்டேங்கிறேன்ல!”

“பவானியப் பள்ளிக்கூடத்துல விடணுமே?”

அவன் ஒரு நிமிஷம் யோசித்தான். பள்ளிக்கூடம் வடக்கே. கம்பம் தெற்கே.

“எதிர்த் திசை. போனா நேரம் வீணாப் போகும். ஆட்டோவுல ஏத்திரு.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் பிள்ளையைத் தானாகவே பைக்கில் ஏற்றாமல் விட்டது அன்றைக்குத்தான். பைக் உறுமிக்கொண்டு தெருமுனையில் மறைந்தது. இன்று அவன் பறப்பது அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தானே? “மெதுவாப் போங்க” என்று கத்தினாள். தெருவில் யாரும் இல்லை.

அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டு ஜெபஷீலா வந்தாள். பஜாரில் அவர்களுக்குப் பாத்திரக் கடை. பிளாட் போட்டுக் கல் நட்ட காலி இடத்தில், அந்தக் கல்லுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்ட சினேகாவுக்குப் பழக்கியவள் அவள்தான். நாலு கல்லைச் சாய்த்திருக்கிறார்கள். மனைக்காரர்களுக்கு இன்னும் தெரியாது.

“கிளம்பு சினேகா. கர்த்தர் மேல பாரத்தப் போட்டு ஆக்சிலேட்டரத் திருகு. ரொம்பத் திருகிராத, அவருக்கும் வேற வேலை இருக்கு.”

“கை நடுங்குது ஷீலாக்கா.”

“நடுங்கட்டும். கைப்பிடிய விடாம நடுங்கு.”

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பெரிய வரிசை. சுண்ணாம்புப் பொடியில் பெரிதாக எட்டு போட்டு வைத்திருந்தார்கள். கால் ஊன்றாமல் அதைச் சுற்றி வர வேண்டும். வரிசையில் நிற்கும்போதே போன் அடித்தது. அவளுக்கு உயிர் ஒரு தடவை போய் வந்தது.

“கம்பம் வந்துட்டேன்! ஒரு மணி நேரந்தான்! போடு கணக்க!”

உயிரோடு இருக்கிறான். முதலில் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டாள். பிறகு மற்றது.

“நேர்கோடு சுமாரா முப்பத்தேழு கிலோமீட்டர் வரும். ஒரு மணி நேரம். தென்மேற்கா முப்பத்தேழு.”

“நாப்பதுக்கு மேல ஓடிருக்குடி மீட்டர்ல!”

“ரோடு வளைஞ்சு போகுதுல்ல. வளைவெல்லாம் கழிஞ்சுரும்.”

“ரோட்ட நானா போட்டேன்?”

“நேர்கோட்டையும் நான் போடலங்க. எப்பவோ போட்டுட்டுப் போயிட்டாக.”

வரிசை நகர்ந்தது. கால்மணி கழித்து மறுபடியும் போன். இந்தத் தடவை பின்னால் பாத்திரச் சத்தம். அக்கா முத்துலட்சுமி வீட்டில் இருந்தான்.

“இப்ப எவ்வளவு?”

“முப்பதுக்குக் கீழ வந்துருச்சு.”

“எதுக்கு? நான் எங்கயும் போகலயே! வச்ச எடத்துல உக்காந்திருக்கேன்!”

“அதான் காரணம். நீங்க உக்காந்திருக்கீக, நேரம் உக்காரலயே. கோடு அதே கோடு. வகுக்கிற நேரம் கூடுது.”

“காபி குடிச்ச நேரமுமா சேரும்?”

“சேரும்.”

“ஆப்புல சேராதே!”

“ஆப் உங்களுக்கு வேண்டப்பட்டது. கணக்குக்கு அப்படி யாரும் கிடையாது.”

“இட்லி?”

“சேரும்ங்க.”

“கொல்லப்பக்கம் போனது?”

“எல்லாமே சேரும்.”

பின்னாலிருந்து முத்துலட்சுமியின் குரல் கேட்டது. “ஏலே, வச்ச இட்லியத் தின்னுட்டுப் போடா!”

“அக்கா, திங்கத் திங்க இறங்குதுக்கா!”

“திங்கிறது இறங்காம பின்ன மேலயா ஏறும்?”

போன் அக்கா கைக்கு மாறியது. “ஏ சினேகா, என்னாத்தா ஆச்சு இவனுக்கு? வந்ததுல இருந்து சுவத்தப் பாத்துக்கிட்டு ‘தென்மேற்கு, தென்மேற்கு’ங்கிறான். அங்கன எங்க வீட்டுக் கோழிக்கூடுதான் இருக்கு.”

சினேகா மைதானத்தின் ஓரத்துக்குப் போய், போனைக் கையால் பொத்திக்கொண்டு, மதினியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னாள். எழுபத்திரண்டையும் சொன்னாள். 

“டேங்க் மேலயா? பிள்ளைய வச்சுக்கிட்டா?”

“ஆமா மதினி.”

“நீ டெஸ்ட பாரு. இவன் என் பொறுப்பு.” பிறகு குரல் உயர்ந்தது. “தம்பி! இங்கன உக்காந்து என்னடா செய்யுற? கூடலூருக்குப் போ. அதையும் தாண்டிப் போ. நம்ம குடும்பத்துல எவனும் முப்பதுக்குக் கீழ போனதில்ல!”

அவன் பைக் கிளம்பும் சத்தம் போனிலேயே கேட்டது. “மெதுவாவே போகச் சொல்லுங்க மதினி” என்றாள் சினேகா. “நேர்கோடு எங்கயும் ஓடிப் போயிராதுன்னு சொல்லுங்க.”

அதற்கப்புறம் வந்த போன் அவனிடமிருந்து இல்லை. அனுமந்தன்பட்டி ராக்கப்பன், குழாய் வாங்குகிற பழைய வாடிக்கை.

“தாயி, உங்க வீட்டுக்காரரு உடம்புக்கு ஒண்ணுமில்லயே? தோப்புல குழாய் வெடிச்சுத் தண்ணி பீச்சுது. காலையில எங்க ஊரத் தாண்டித்தான் போயிருக்காக. போன் போட்டு, கூடலூர்ப் பக்கந்தானே நிக்கிறீக, திரும்பி வந்து பாத்துட்டுப் போங்கன்னா, ‘திரும்பினா கோடு குறைஞ்சுரும்’ங்கிறாக. எந்தக் கோடு தாயி? எதும் கோர்ட்டு கேசா?”

“நாளைக்கு வந்துருவாக அண்ணே. வால்வ மட்டும் அடச்சு வையுங்க.”

இப்போது அவளுக்கு முன்னால் ஒரே ஆள். கறுப்புக் கண்ணாடி, முறுக்கிய மீசை, சைலன்சரில் தனிச் சத்தம் வைத்த வண்டி. விர்ரென்று எட்டுக்குள் நுழைந்தார். முதல் வளைவில் சாய்ந்தார். இரண்டாவது வளைவில் வண்டி ஒரு பக்கம் போக அவர் ஒரு பக்கம் போகப் பார்த்து, இரண்டு காலையும் ஊன்றினார்.

“அடுத்த மாசம் வாங்க” என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர், நிமிர்ந்து பார்க்காமல். “அடுத்தது, சினேகா.”

அவள் ஸ்கூட்டரைக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். வரிசையில் யாரோ, ‘இந்தம்மா ஸ்டாண்டே எடுக்காது’ என்றது காதில் விழுந்தது. ஸ்டாண்ட் எடுக்கத்தான் நேரமாயிற்று. உண்மை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு எண்ணம் ஓடியது. போனால் நாளைக்குக் காலையில் பவானி மறுபடியும் டேங்க்மேல் உட்காரும். கைதட்டும். அந்தக் கைதட்டல்தான் அவளை இழுத்து வண்டியில் உட்கார வைத்தது. ஆமா, பயந்தாங்கொள்ளிதான். அதுக்கென்ன? பயப்படத் தெரிஞ்சவ கையிலதான் பிள்ளை இருக்கணும். பயமில்லாதவங்க ஓட்டித்தானே நான் இப்படிச் செத்துச் செத்துப் பிழைக்கிறேன்? யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும், இந்த எட்டை நான் ஊர்ந்தாவது முடிக்கிறேன்.

ஸ்டார்ட் செய்தாள். அந்த நேரம் பார்த்து, ஜெபஷீலாவிடம் கொடுத்து வைத்திருந்த அவளுடைய போன் அடித்தது. ஜெபஷீலா அதைத் தன் கைப்பைக்குள் போட்டு, பையின் மேல் பைபிளை எடுத்து வைத்தாள்.

சினேகா நத்தை மாதிரி போனாள். நத்தைக்கே அலுத்திருக்கும். ஒரு சுண்ணாம்பு வளைவு, நடுவில் குறுக்கே, மறு வளைவு. கால் இரண்டும் பலகையில் ஒட்டிப்போயிருந்தன. அவளே நினைத்தாலும் எடுக்க வந்திருக்காது. எந்தக் கோட்டில் கிளம்பினாளோ சரியாக அந்தக் கோட்டிலேயே வந்து நின்றாள். அவளுடைய சொந்தக் கணக்குப்படியே பார்த்தால் அவள் திசைவேகமும் சுத்தமான பூஜ்யம்.

“பாஸ்” என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர். “இறங்குங்கம்மா. ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?”

“கால் வரல சார்.”

ஜெபஷீலா வந்து இறக்கினாள். பிறகு இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று, ஆபீஸ் என்றும் பார்க்காமல், சிரித்து அழுது மூக்கைச் சிந்தினார்கள். பைபிளுக்குக் கீழே போன் மறுபடியும் துடித்தது.

“எத்தன தடவடி போடுறது? எங்கன போயிட்ட?” காற்றுச் சத்தம். “குமுளியில நிக்கிறேன். மலையே ஏறிட்டேன்! லோயர் கேம்ப்ல இருந்து வளைவு வளைவா ஏறி, தலையே சுத்துது. இப்பச் சொல்லு. எங்கயோ போயிருக்கணுமே!”

“நேர்கோடு அம்பத்தஞ்சு வரும்னு நினைக்கிறேன். ரெண்டரை மணி நேரம். இருபத்திரண்டு.”

“இருபத்திரண்டா! அத்தன வளைவும்?”

“வளைவுதாங்க கழிஞ்சு போச்சே.”

“உசரம்? உசரம் ஏறுனேனே, அதச் சேரு!”

“சேத்தாச்சு. பாயிண்ட்டுக்கு அப்புறம் கொஞ்சம் வருது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு யாரிடமோ, “சேட்டா, ஒரு சாயா” என்று உடைந்த குரலில் கேட்பது கேட்டது. பிறகு திடுக்கிட்டு, “வேண்டாம் வேண்டாம், குறைஞ்சுரும்” என்றான்.

“குடிங்க” என்றாள் சினேகா. அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது. “குடிச்சுட்டு மெதுவாத் திரும்பி வாங்க.”

“வரமாட்டேன். இன்னும் மேற்க போறேன். வண்டிப்பெரியாறு இருக்கு, அப்பால முண்டக்கயம் இருக்கு. கடல் வரைக்கும் ரோடு இருக்குடி!”

“போங்க. போயிட்டு?”

போனவன் திரும்பித்தானே ஆக வேண்டும்? அது அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது போல. ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னான். “கிளட்ச் கருகிப் போச்சு சினேகா. மேல ஏறுறப்பவே ஒரு வாடை வந்துச்சு. இங்கன மெக்கானிக்கிட்ட விட்டிருக்கேன். நாளைக்கழிச்சு வரச் சொல்றான்.”

“பஸ்ல வாங்க. தேனி பஸ் ஸ்டாண்டுக்கு நான் வாறேன்.”

“ஆட்டோவுலயா?”

“வாறேங்க.”

சாயங்காலம் குமுளி பஸ் வந்து நின்றது. முன்னால் ஒரு ஏலக்காய் மூட்டை இறங்கியது, அப்புறம் விஜயபாண்டி இறங்கினான். இரண்டும் ஒரே மாதிரிக் கசங்கியிருந்தன. ஸ்கூட்டரையும், அதன் முன்பலகையில் ஹெல்மெட்டும் இடுப்பில் பாதுகாப்புப் பட்டையுமாக நின்ற பவானியையும், கைப்பிடியைப் பிடித்திருந்த சினேகாவையும் பார்த்தான். அவர்களைத் தாண்டிச் சுற்றிலும் பார்த்தான்.

“ஷீலா எங்க?”

“கடையில இருக்காக.”

“அப்ப வண்டிய யாரு ஓட்டிட்டு வந்தது?”

“அம்மா!” என்றது பவானி. “ஹாரன் மட்டும் நான்.”

“நான் பாஸாயிட்டேங்க” என்றாள் சினேகா. “காலையில பத்தரைக்கு. நீங்க மலை ஏறிக்கிட்டு இருந்தீக.”

விஜயபாண்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. கம்பம், இட்லி, கோழிக்கூடு, கூடலூர், மலை. ஒவ்வொரு ஊராக முகத்தில் வந்து போனது.

“அப்ப அந்தத் திசைவேகம், பூஜ்யமெல்லாம் எனக்கு வச்ச பொறியா? எல்லாம் பொய்யா?”

“ஒரு எண்ணுகூடப் பொய் இல்ல. மதன்குமார் அண்ணனக் கேளுங்க.”

“நான் ஒத்துக்க மாட்டேன். அன்னைக்குக் காதுகுத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பேச்சுக்குச் சொன்னதெல்லாம் கணக்கா? என் பிள்ளை என் வண்டியில…”

அவன் போன் அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் அக்காவின் போனை எடுக்காமல் விடுகிற தைரியம் அவனுக்குப் பிறந்ததிலிருந்தே இல்லை.

“ஏலே! இறங்கிட்டியா?”

“இறங்கிட்டேன்க்கா.”

“பந்தியில பாயசத்தக் கீழ வச்சுட்டு என்ன சொன்னே?”

“அது வந்துக்கா…”

“சொன்னியா, இல்லையா?”

“சொன்னேன்.”

“எம்மருமகள இனிமே டேங்க்மேல வச்சேன்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்து உன் வீட்டுல ஆறு மாசம் உக்காருவேன். ஏறிப் பின்னாடி உக்காரு!”

விஜயபாண்டி போனைப் பையில் போட்டான். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவன் எவனாவது நிற்கிறானா என்று ஒரு சுற்றுப் பார்த்தான். டீக்கடையில் இரண்டு பேர் நின்றார்கள். மூன்றாவது ஆள் பெஞ்சில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தான், மதன்குமார். விஜயபாண்டி மார்பை நிமிர்த்தினான். “எனக்கென்ன பயமா?” என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காலைத் தூக்கிப் போட்டான்.

சினேகா ஸ்டார்ட் செய்தாள். கை இன்னும் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே கேட்டைத் தாண்டினாள். எதிரே ஒரு டவுன் பஸ், இடது பக்கம் வாழைத்தார் ஏற்றிய வண்டி, நடுவில் ஒரு ஆட்டோ, அவற்றுக்கிடையே ஒரு பசுமாடு. அவள் ஹாரன் அடித்தாள். பவானி மறுபடியும் அடித்தது. மாடு ஒதுங்கியது. ஆட்டோக்காரர் “பாத்துப் போம்மா” என்றார். “பாத்துத்தான் போறேன்!” என்று பதிலுக்குக் கத்தினாள் சினேகா. ரோட்டில் யாரையும் பார்த்து அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. வேண்டுமென்றே இன்னொரு தடவை கத்தினாள். பின்னால் இரண்டு கைகள் அவள் தோளை இறுக்கிப் பிடித்தன. சுளுக்கிக்கொள்ளும் போலிருந்தது.

பவானி கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தது.

“அம்மா, அப்பா கண்ண மூடிக்கிட்டாக.”

“தூசிடா தங்கம்” என்றான் விஜயபாண்டி, மூடியபடியே. “கண்ணுல தூசி விழுந்துருச்சு.”

“ரெண்டு கண்ணுலயுமாப்பா?”